நூறு கிராம் காராச்சேவு

கேள்வி: எனக்கு வயது 59. விருதுநகர் மாவட்டம். கணவர் அரசு பஸ் கண்டக்டராக இருந்து 2022இல் ஓய்வு பெற்றார். ஒன்பது மாதங்களுக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். மகள் கோவையில், மகன் ஓசூரில். இருவரும் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார்கள். நான் தனியாக இருக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை. மதியம் பழைய சோற்றில் மோர், இரவில் டீயும் நான்கு பிஸ்கெட்டும். பஸ்ஸில் ஏறினால் விசில் சத்தத்துக்கு நெஞ்சு அடைக்கிறது என்பதால் எங்கே போனாலும் ஆட்டோதான்.

போன மாதம் பாங்க் வேலையாகச் சாத்தூர் போயிருந்தேன். அவர் டியூட்டி முடிந்து வரும்போது காராச்சேவு வாங்கித் தோல்பையில் போட்டுக்கொண்டு வருவார். பொட்டலத்தில் சில்லறைக் காசு வாசம் அடிக்கும். அதே கடையில் நூறு கிராம் வாங்கி வந்து, வாசல்படியில் உட்கார்ந்து டீயோடு சாப்பிட்டேன். மாதக்கணக்கில் மண்ணாக இருந்த நாக்குக்கு அன்றைக்கு ருசித்தது. பொட்டலம் காலியான பிறகுதான் உறைத்தது, அந்த அரைமணி நேரமும் அவரை நான் நினைக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே வந்த நாத்தனார், "அண்ணன் போய் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் மதினிக்கு நாக்கு ருசி கேட்கிறதோ" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இரவு இரண்டு, மூன்று மணிக்கு வியர்த்துப்போய் விழித்துக்கொள்கிறேன். ருசித்துச் சாப்பிட்டது தப்பா? நான் அவரை மறக்கத் தொடங்கிவிட்டேனா?

பதில்:

அன்புள்ள அம்மா,

தப்பில்லை. சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது காராச்சேவு இல்லை. அந்த நான்கு பிஸ்கெட்.

நான் மனநல மருத்துவர். சர்க்கரை என் பிரிவு இல்லை. என்றாலும் பின்னிரவில் வியர்த்து விழிக்கிறேன் என்று சர்க்கரைக்காரர் ஒருவர் எழுதினால், மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாக வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா, இரண்டு வாய் டீ இருக்கிறதா என்று மாத்திரை பார்ப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டு பிஸ்கெட்டோடு படுத்தால் பின்னிரவில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, படபடப்பு, கெட்ட கனவு, தூக்கிவாரிப் போட்டு விழிப்பு எல்லாம் அதற்கும் உண்டு. நீங்கள் குற்ற உணர்ச்சி என்று எழுதியிருப்பதில் பாதி, வெறும் வயிறாக இருக்கலாம். அடுத்த முறை அப்படி விழித்தால், குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டோடு போய், இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அங்கேயே ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். துக்கம் நெஞ்சை அடைக்கிறது என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கில்லை. கடும் அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் ஒரு பகுதி கொஞ்ச காலம் சரியாகச் சுருங்காமல் உப்பி நிற்கும் நோய் ஒன்றை 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். உப்பிய இதயம் பார்க்க ஆக்டோபஸ் பிடிக்கும் பானை போல இருந்ததால் அந்தப் பானையின் பெயரையே, டகோட்சுபோ என்று, வைத்துவிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அது அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. விசில் சத்தத்துக்கு அடைக்கும் நெஞ்சு பெரும்பாலும் பதற்றத்தால் அடைப்பதுதான். ஆனால் 59 வயது, சர்க்கரை, ஒன்பது மாதத் துக்கம் என்று மூன்றும் சேர்ந்திருக்கும்போது, பார்க்காமல் 'பதற்றம்தான்' என்று எழுத எனக்குத் துணிவில்லை.

இனி காராச்சேவுக்கு வருகிறேன்.

அரைமணி நேரம் அவரை நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். முப்பது வருடம் கண்டக்டரின் மனைவியாக இருந்திருக்கிறீர்கள். விடியற்காலை டியூட்டிக்கு அவர் கிளம்பிப் போன பிறகு, அவர் திரும்பும்வரை அவரையே நினைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? காய்க்காரரிடம் பேரம் பேசியிருப்பீர்கள். பிள்ளைகளை விரட்டி ஸ்கூலுக்கு அனுப்பியிருப்பீர்கள். பக்கத்து வீட்டில் ஏதோ கேட்டுச் சிரித்திருப்பீர்கள். பல மணி நேரம் அவர் ஞாபகத்திலேயே இருந்திருக்கமாட்டார். அதை மறதி என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் நினைக்கவில்லை. சாயங்காலம் தோல்பை ஆணியில் தொங்கும்போது எல்லாம் தன்னிடத்துக்கு வந்துவிடும். இப்போது பை திரும்பி வருவதில்லை என்பதால், நாள் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தால்தான் அவர் இருப்பார் என்று மனம் கணக்குப் போடுகிறது. தப்புக் கணக்கு. அன்றைக்கு அந்தக் கடைக்கு உங்களை நடத்திக்கொண்டு போனது யார்? சாத்தூரில் காராச்சேவுக் கடைக்கா பஞ்சம்!

உதிரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு உளவியலாளர்கள், துணையை இழந்தவர்கள் எப்படி நாளைக் கடத்துகிறார்கள் என்பதை விளக்கி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பக்கம் இழப்பையே பார்த்துக்கொண்டும், இன்னொரு பக்கம் கரண்ட் பில், சமையல், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டும் மாறி மாறிப் போய் வருகிறார்கள். அப்படிப் போய் வருவதுதான் ஆரோக்கியம், நடுநடுவே துக்கத்துக்கு விடுப்பு கொடுப்பதும் அதில் சேர்த்தி என்பது அவர்கள் சொன்னது. உங்கள் வீட்டுப் பாஷையில் போக ஒரு டிரிப், வர ஒரு டிரிப். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம், போன டிரிப். பொட்டலம் காலியானதும் உறைத்தது, வந்த டிரிப். துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். 1969இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் அதை எழுதியது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பார்த்து. பிரிந்து நிற்பவர்களுக்கு அது பிற்பாடு ஒட்டிக்கொண்ட சட்டை, பலருக்குப் பொருந்துவதில்லை.

உங்கள் மோர்ச்சோற்றைப் படித்ததும் எனக்குப் புறநானூற்றின் 246ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. பூதப்பாண்டியன் இறந்ததும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள். சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவள் மறுத்துச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சாப்பாடு பற்றியதுதான். நெய் தீண்டாத, கையால் பிழிந்தெடுத்த சோறு. எள் அரைத்துப் புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. பாயில்லாமல் பரல்கல் மேல் படுக்கை. இப்படி வாழ்வதைவிட இந்தத் தீ எனக்குக் குளிர்ந்த பொய்கை என்கிறாள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பேச்சு. கணவனை இழந்தவளுக்கு ஊர் போட்ட முதல் தடைகளில் ஒன்று நாக்குக்குத்தான் என்பது அதில் தெரிகிறது. உங்களை யாரும் பழைய சோறு சாப்பிடு என்று சொல்லவில்லை. நீங்களாகவே சாப்பிடுகிறீர்கள். அதுதான் எனக்கு வருத்தம். தடை எடுபட்ட பிறகும் கை தானாகப் போய் அந்தப் பானையைத்தான் திறக்கிறது.

ஆண்களுக்கு இந்தத் தொந்தரவு கிடையாது. மனைவி இறந்த வீட்டில் மூன்றாம் நாளே, "ஒரு வாய் சாப்பிடுங்கள், உடம்பு என்னாவது" என்று நான்கு பேர் தட்டோடு நிற்பார்கள். அவர் பஜ்ஜி கேட்டால், பாவம் என்பார்கள். நீங்கள் காராச்சேவு தின்றால், நாக்கு கேட்கிறதோ என்பார்கள். இருபத்தைந்து வருடமாக இரண்டு தரப்பையும் எதிர்நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டதால் இதைக் கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் இழந்திருப்பது அண்ணனை. அண்ணன் செத்த துக்கத்துக்கு ஊரில் இடம் ஒதுக்குவதில்லை. மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள், தங்கை பந்தி பரிமாறிக்கொண்டிருப்பார். மதினியும் மறந்துவிட்டால் அண்ணனை நினைக்க வேறு ஆளில்லை என்ற பயம்கூட அந்தச் சொல்லுக்குள் இருந்திருக்கலாம். சொன்னது தவறுதான். அதற்குப் பதில் சொல்லிச் சண்டை வளர்க்க வேண்டாம்.

வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அமாவாசைக்கு இலை போட்டு இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கிறோம். வடை, பாயசம், சிலர் வீட்டில் ஒரு கட்டு பீடி. கும்பிட்டு முடித்ததும் அதை யார் சாப்பிடுகிறோம்? நாம்தான். ருசிக்காமலா சாப்பிடுகிறோம்? "உப்பு சரியாக இருக்கிறது, அப்பாவுக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் இரண்டாவது வடையை எடுக்கிறோம். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொள்ளாமல் வேறு விதமாகத் தொடர்வது நல்லதே என்று மேலைநாட்டு உளவியல் பரவலாகப் பேச ஆரம்பித்தது 1990களில். அதை வாழை இலையில் வைத்து எத்தனையோ தலைமுறையாக நாம் சாப்பிட்டு வருகிறோம்.

என்னிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இன்னாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி இறந்து நான்கு மாதம் ஹோட்டல் காபியில் ஓட்டினார். ஒருநாள் தானே போடுவோம் என்று வழக்கமான காபித்தூள் கடைக்குப் போயிருக்கிறார். "எப்படி அரைக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். முப்பத்தெட்டு வருடம் குடித்த காபி; எதில் எவ்வளவு என்று இவருக்குத் தெரியாது. திகைத்து நின்றதைப் பார்த்துக் கடைக்காரரே, "அம்மா வாங்குவது பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன், சிக்கரி இருபது. அதையே போடட்டுமா?" என்றாராம். கடையிலேயே அழுதிருக்கிறார். வீட்டுக்கு வந்து போட்ட முதல் மூன்று நாள் டிகாக்‌ஷன் கஞ்சிபோல இருந்தது, கொட்டிவிட்டார். நான்காம் நாள் ஃபில்டரில் தூளை அழுத்தாமல் விட்டுப் பார்த்தார். அன்றைக்கு மனைவியின் காபி டம்ளரில் இருந்தது. இப்போது அந்தக் காபிதான் அவருக்கு நாளின் முதல் வேலை. "ருசிக்கும்போது அழுகை வருவதில்லை, டம்ளரைக் கழுவும்போதுதான் வருகிறது" என்றார்.

தனி ஆளுக்குச் சமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்யாதவர்களுக்குத் தெரியாது. உழக்கை எடுத்தால் கை பழக்கத்தில் இருவருக்கு அளந்துவிடும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போதுதான் மனம் உடையும். ஆகவே உழக்கை மேலே எடுத்து வைத்துவிட்டு ஒரு சின்ன டம்ளரை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆளுக்குச் சமைக்கிற மாதிரி தோன்றாதபடி ஒன்றரை லிட்டர் குக்கர் ஒன்று வாங்குங்கள். பெரிய குக்கரின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சோற்றைப் பார்ப்பதே ஒரு துன்பம். மாவு அரைத்தால் அரை டம்ளர் உளுந்துக்கு மேல் போடாதீர்கள், மூன்று நாளில் தீர்ந்துவிட வேண்டும். அடுப்படியில் நின்றபடி சட்டியிலிருந்தே அள்ளிச் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து, அருகில் தண்ணீர் வைத்துச் சாப்பிடுங்கள். இரவில் இரண்டு தோசையோ ஒரு கிண்ணம் உப்புமாவோ போதும், ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ கூட இருந்தால் நல்லது. பிஸ்கெட் டின்னைப் பேரப்பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, கேட்டால் முதலில் கோபம் வரும். அவருக்குப் பிடிக்காது என்பதற்காக நீங்கள் விட்டுவிட்ட சாப்பாடு என்ன? ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு அம்மா நெத்திலிக் கருவாடு வறுக்க ஆரம்பித்ததும், கணவருக்கு வாசம் ஆகாது என்று பழக்கத்தில் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டிருக்கிறார். பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. சிரிப்பு வந்ததாம். கரண்டியோடு நின்று சிரித்துவிட்டு, சுடச்சுட ரசச்சோற்றோடு கருவாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அவரைக் குணமானவர் என்று சொல்வதா, குணமாகாதவர் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டார் என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் கூப்பிடுவதற்கு: போங்கள், ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டோடு போங்கள். பத்து நாள் கோவை, பத்து நாள் ஓசூர். வீட்டை விற்பது, வாடகைக்கு விடுவது, ஒரேயடியாகக் குடிபோவது எதையும் முதலாம் ஆண்டு முடியும்வரை முடிவு செய்ய வேண்டாம்.

இது நோயாகிவிட்டதா என்ற கேள்வியும் உங்கள் மனத்தில் இருக்கலாம். நீண்டுபோன துக்கத்தை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு ஏற்றிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்கப் பட்டியல் ஒரு வருடம் என்கிறது. கணக்கு மாதத்தில் மட்டும் இல்லை. நாள் முழுக்க, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஏக்கம் பிடுங்கித் தின்று, பாங்குக்குப் போவது, குளிப்பது, பேசுவது எல்லாம் நின்றுபோனால்தான் அந்தப் பெயர். நீங்கள் பாங்குக்குப் போனீர்கள், கடையைத் தேடிப் போனீர்கள், ருசியை உணர்ந்தீர்கள். ருசி திரும்புவதை நாங்கள் நல்ல அறிகுறியாகவே குறித்துக்கொள்வோம். ஆனால் நாளைக்கு விழிக்காமல் இருந்தால் தேவலை என்ற நினைப்பு வந்து தங்குமானால், எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி-மானஸ் என்று பெயர். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும், தமிழில் பேசலாம்.

கடைசியாக பஸ். ஈசிஜி சரியாக இருந்தால் இதை ஆரம்பிக்கலாம். ஆட்டோவில் போகப் போக விசில் பயம் வளரும். முதல் நாள் ஏற வேண்டாம். பஸ் நிலையத்தில் நிழலான பெஞ்சில் உட்கார்ந்து விசிலைக் கேளுங்கள். நெஞ்சு படபடக்கும். எழுந்துவிடாதீர்கள், படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இருபது முப்பது நிமிடத்தில் தானாக இறங்கும். இறங்கிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும், அதற்கு முன் ஓடிவந்தால் 'ஓடியதால் தப்பித்தேன்' என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். அழுகை வந்தால் அழுங்கள், பஸ் நிலையத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான்கைந்து நாள் இப்படி. பிறகு யாரையாவது கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஒரே ஒரு ஸ்டாப். பிறகு இரண்டு. பிறகு தனியாக, ஜன்னலோரம், கடைசி ஸ்டாப்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவது. செலவில்லை; சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே 8 முதல் கட்டணமில்லையே. ஓய்வுபெறுவதற்கு முன் உங்கள் கணவரும் அந்த இலவச டிக்கெட்டை எத்தனை பெண்களின் கையில் கொடுத்திருப்பாரோ. கண்டக்டர் உங்களிடம் நீட்டும்போது வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஸ்டாப்பைச் சாத்தூராக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அந்தக் கடையில் இரண்டு பொட்டலம் வாங்குங்கள். ஒன்று நாத்தனாருக்கு. அண்ணன் வாங்கி வந்த காராச்சேவை அவரும் தின்றிருப்பார். கொடுக்கும்போது எதையும் விளக்க வேண்டாம்; டீ மட்டும் போடுங்கள். உங்கள் பங்கை ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள், சர்க்கரை இருக்கிறது.